மண்மேட்டுத் துரை

இரத்தினவேல் ஸ்காபுரோவில், ஏரியோரம் செங்குத்தாக நிற்கும் மண்மேட்டின் மேல் வீடு வாங்கியது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு. அதற்கு முன் அதே ஊரில் வடக்கே, வோபர்னில் ஒரு அப்பார்ட்மென்ட் கட்டடத்தின் ஆறாம் மாடியில் இருந்தார். அங்கே வாழ்ந்த வருடங்கள் முழுவதையும், வாசலில் சப்பாத்தைக் கழற்றுவதுபோலக் கழற்றி வைத்துவிட்டுத்தான் புதுவீட்டுக்குள் கால் வைத்தார்.

ஸ்காபுரோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ரொறன்ரோ நடுநகரத்தில் இருக்கிறவர்கள் அதைச் சைபீரியாவோடு சேர்த்து ஒரு கேலிப்பெயரால் அழைப்பார்கள். அவர்களுக்கு அது பஸ் போய்ச் சேராத இடம்; போய்ச் சேர்ந்தாலும் இறங்கிப் பார்க்க ஒன்றுமில்லாத இடம். ஸ்காபுரோக்காரர் அதைக் கேட்டுக் கோபப்படுவார்கள். பிறகு அதே கேலியைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வார்கள். கிங்ஸ்ரன் வீதிக்குத் தெற்கே ஏரிப்பக்கம் இருக்கிறவர்களுக்கு வீதிக்கு வடக்கே உள்ளது எல்லாம் காடு. வடக்கே வீடு வாங்கியவர்களுக்கு அப்பார்ட்மென்டில் இருக்கிறவர்கள் காடு. அப்பார்ட்மென்டில் இருக்கிறவர்களுக்கு, நேற்றுத்தான் விமானத்தில் வந்து இறங்கியவன் காடு. இளக்காரம் செய்ய ஆள் கிடைக்காமல் அந்த ஊரில் ஒருவரும் கஷ்டப்பட்டதில்லை.

ஊரின் பெயரே ஒரு பெருமூச்சில் வந்ததுதான். ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறுகளில் ஆங்கிலேய ஆளுநரின் மனைவி இந்த வெள்ளை மண்மேட்டைப் பார்த்து, தன் நாட்டில் ஸ்காபுரோ என்ற கடற்கரை ஊரின் மேடுபோல இருக்கிறதே என்று நினைத்தாராம். நினைத்தது பெயராகிவிட்டது. அங்கே முன்பே இருந்த சனம் அதை என்னவென்று அழைத்தது என்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. பிறகு காடு வெட்டிப் பயிர் செய்யத் தோட்டக்காரர் வந்தார்கள். அவர்களுக்குப் பிறகு ரொறன்ரோ பணக்காரர் கோடைக்குக் காற்று வாங்கச் சின்ன வீடுகள் கட்டினார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் தொழிற்சாலைக்காரருக்காக ஒரே அச்சில் வார்த்த வீடுகள் வரிசையாக எழும்பின. கிங்ஸ்ரன் வீதி முழுக்க மோட்டல்கள். உல்லாசப் பயணிகள் வராமற் போன காலத்தில் அந்த மோட்டல்களில் அகதிகளைத் தங்கவைத்தார்கள். இரத்தினவேலும் யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கு வந்த புதிதில் அப்படி ஒன்றில்தான் மனைவி யோகமலரோடு ஒரு மாரிகாலம் முழுக்கக் கிடந்தார். இப்போது அந்த வழியாகக் கார் ஓட்டும்போது அவருடைய கழுத்து மற்றப் பக்கம் திரும்பிக்கொள்ளும்.

கார் ஓட்டுவது அவருடைய தொழில். தமிழ்ச்சனத்துக்குக் கார் பழக்கும் பள்ளிக்கூடம் ஒன்றை நடத்தினார். வோபர்னில், என்னையும் சேர்த்து, அரைவாசிப் பேர் அவரிடம் ஏச்சு வாங்கித்தான் லைசென்ஸ் எடுத்தவர்கள். யோகமலர் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. அப்பார்ட்மென்டிலிருந்து அது நடை தூரம். புதுவீட்டிலிருந்து இரண்டு பஸ்.

"ஏரியைப் பாத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கலாமெண்டுதானே வாங்கினனாங்கள்," என்றார் இரத்தினவேல்.

"விடிய முந்தி வெளிக்கிட்டு, இருண்டாப்பிறகு வாறன். நான் எந்த ஏரியைப் பாக்கிறது?" என்றாள் யோகமலர்.

அந்தத் தெருவில் வேறு தமிழர் இல்லை. வீட்டை வாங்குவதற்கு முன் அவர் முதலில் விசாரித்தது அதைத்தான். தெருவில் ஒரு குடியிருப்பாளர் சங்கம் இருந்தது. தலைவி மிஸிஸ் ஹார்டிங், இளைப்பாறிய சங்கீத ஆசிரியை. முதல் கூட்டத்தில் அவர் இரத்தினவேலின் பெயரை இரண்டு தரம் முயன்று பார்த்துவிட்டு, "உங்களை ரே என்று கூப்பிடலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இரத்தினவேலுக்குப் பட்டம் கிடைத்ததுபோல இருந்தது. அடுத்த கிழமை பள்ளிக்கூடத்து விசிட்டிங் கார்டிலும் 'ரே' ஏறிவிட்டது.

சங்கம் ஒவ்வொரு கோடையிலும் மரபு நாள் ஒன்று கொண்டாடும். மாதா கோயில் மண்டபத்துக்கு வெளியே மேசை போட்டு, பழைய படங்களை வைத்து, எலுமிச்சைப் பானம் விற்பார்கள். பழைய கதை சொல்லிக்கொண்டிருந்த கிழவர் செத்துப்போனதால் அந்த வேலை இரத்தினவேலுக்கு வந்தது. அவர் நூலகத்துக்குப் போய்ப் போய்ப் படித்தார். மண்மேடு பனியுகத்தில் உண்டானது, அலை அடியை அரிப்பதால்தான் அதன் முகம் வெள்ளையாக நிற்கிறது, எந்தத் தோட்டக்காரன் எந்த மூலையில் முதல் மரத்தை வெட்டினான், எல்லாம் பாடம். வீட்டுக் குளியலறையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார்.

"நாங்கள் இங்கே வந்தபோது முழுக்கக் காடு," என்று ஆங்கிலத்தில் அவர் முழங்கியது வெளியே கேட்டது. "கோடரியோடுதான் வந்தோம்."

யோகமலர் கதவுக்கு வெளியே துவாயோடு நின்றாள். "ஆரப்பா நாங்கள்? அந்த நேரம் உங்கட ஆக்கள் கோப்பாயில புகையிலைக்குத் தண்ணி இறைச்சுக்கொண்டு நிண்டவையல்லோ."

"உமக்கு உது விளங்காது. ஒரு ஊரில இருந்தா அந்த ஊர்க்காரனா இருக்கவேணும்."

"வோபர்னும் ஊர்தானே. அங்க ஏன் இருக்கேல்லை?"

அவர் குழாயைத் திறந்துவிட்டார். மரபு நாளன்று கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு, ஆடி வெயிலில் வியர்த்து வழிய, எலுமிச்சைப் பானம் குடிக்க வந்தவர்களுக்கெல்லாம் கோடரிக் கதை சொன்னார். அவர்கள் தலையாட்டினார்கள். ஒரு கிழவி மட்டும், நல்ல ஆங்கிலம் பேசுகிறாரே, எங்கே படித்தார் என்று கேட்டுவிட்டுப் போனார். இரத்தினவேல் அதையும் பாராட்டாக எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அடுத்த வருடம் வசந்தத்தில் சிவபாதம் அவரைத் தேடி வந்தார். வோபர்னில் ஒரே மாடியில் இருந்தவர். இரத்தினவேலிடம் கார் பழகியவர். இப்போது ஒரு கோயில் நிர்வாகத்தில் இருந்தார். கோயில் என்றால், தொழிற்பேட்டையில் சைலன்ஸர் பூட்டும் கடைக்குப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு கிட்டங்கி.

"அண்ணை, திருவிழா வருகுது. தீர்த்தத்துக்கு ஒரு இடம் வேணும். போன வருசம் சின்னப் பிள்ளையள் குளிக்கிற பிளாஸ்டிக் தொட்டியுக்கதான் சாமியை இறக்கினனாங்கள். ஐயருக்கே சிரிப்பு வந்திட்டுது." சிவபாதம் சொல்லிவிட்டுத் தானும் சிரித்தார். "உங்கட மேட்டுக்குக் கீழ நல்ல கரை இருக்கு. ஒரு விடியப்பொழுது மட்டும் நகரசபையிட்டக் கேட்டிருக்கிறம். உங்கட சங்கம் வேண்டாமெண்டு எழுதிப்போட்டுதாம். அதால மண்டபத்தில கூட்டம் வைக்கினம். நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னியளெண்டா அவை கேப்பினம்."

"பாப்பம்," என்றார் இரத்தினவேல்.

யோகமலர் தேத்தண்ணியோடு வந்தாள். "என்ன பாக்கிறது? இவர் சொல்லுவார். நீங்கள் போய் அலுவலைப் பாருங்கோ."

அன்று பின்னேரமே மிஸிஸ் ஹார்டிங் தொலைபேசியில் அழைத்தார். "ரே, நாங்கள் எதிர்த்துப் பேசினால் அது வேறு மாதிரிக் கேட்கும். நீங்கள் பேசினால் அப்படி இருக்காது. விளங்குகிறதல்லவா?"

விளங்கியது. எதற்காகத் தன்னைத் தெரிந்தெடுக்கிறார்கள் என்று தெளிவாகவே விளங்கியது. விளங்கியும் அவருக்கு நெஞ்சு நிறைந்ததுதான் அந்த மனிதனிடம் இருந்த பெரிய அதிசயம்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசைகளில் தெருக்காரர். பின்னால் சிவபாதமும் கோயில்காரரும், பட்டுச்சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்ட பெண்களுமாய். யோகமலர் வேலையிலிருந்து நேரே வந்து அவர்களோடு உட்கார்ந்தாள். நகரசபையிலிருந்து ஒரு இளம் பொறியியலாளப் பெண் வந்திருந்தாள், காலில் சேறு காய்ந்த பூட்ஸ்.

இரத்தினவேல் எழும்பினார். கோயிலைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு புத்தி அவருக்கு இருந்தது. தான் ஒரு சைவன், தினமும் திருநீறு பூசுகிறவன் என்றார். ஆனால் பாதுகாப்பு என்று ஒன்று உண்டே என்றார்.

"இந்த மேடு இடிந்துகொண்டே இருக்கிறது. இந்த வசந்தத்தில் என் பின்வளவில் ஒரு கார் நிற்கக்கூடிய அளவு நிலம் வேலியோடு கீழே போய்விட்டது. இவர்கள் தவிலும் நாதஸ்வரமும் கொண்டுவருவார்கள். தவிலை நீங்கள் கேட்டதில்லை, நான் கேட்டிருக்கிறேன். அந்த அதிர்வுக்கு மேடு தாங்காது. கீழே நூற்றுக்கணக்கான சனம், சின்னப் பிள்ளைகள். யார் பொறுப்பு?"

முன்வரிசை கைதட்டியது. பின்வரிசையில் யாரோ, "தவிலுக்கு மலை விழுமாமடா," என்றார். சிரிப்பு எழும்பியது.

பூட்ஸ் போட்ட பெண் சிரிக்கவில்லை. "உங்கள் வீட்டு இலக்கம் என்ன, ஐயா? வீட்டுக்கும் விளிம்புக்கும் இப்போது எவ்வளவு தூரம்?"

அரசாங்கத்தில் ஒருவர் தன்னிடம் மரியாதையாகக் கேள்வி கேட்கிறார். இரத்தினவேலுக்குச் சூடு பிடித்துக்கொண்டது. இலக்கத்தைச் சொன்னார். பின்முற்றத்துச் சீமெந்துத் தளத்தில் வெடிப்பு ஓடுவதைச் சொன்னார். தன்னோடு நிறுத்தினாரா? பக்கத்து வீட்டு நீச்சல் தடாகம் ஒரு பக்கம் சரிந்திருப்பதைச் சொன்னார். மிஸிஸ் ஹார்டிங்கின் தோட்டக் கொட்டில் போன வருடமே ஏரிக்குப் போய்விட்டது என்பதையும், அதை அவர் ஒருவருக்கும் அறிவிக்கவில்லை என்பதையும் சொன்னார். தெருவின் ஒவ்வொரு வளவாக, மரபு நாளில் கதை சொல்லும் அதே குரலில், ஏற்ற இறக்கத்தோடு சொன்னார். முன்வரிசையில் கைதட்டல் எப்போதோ நின்றுவிட்டது. மிஸிஸ் ஹார்டிங்கின் முகம் சுண்ணாம்பாகிக்கொண்டு வந்ததை மண்டபத்தில் எல்லோரும் பார்த்தார்கள், பேசிக்கொண்டிருந்தவரைத் தவிர.

கோயிலுக்கு அந்தக் கரை கிடைக்கவில்லை. வெளியே வந்தபோது சிவபாதம் அவருக்குப் பக்கத்தால் போனார். நிற்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை.

கிங்ஸ்ரன் வீதி விளக்கில் கார் நின்றபோது யோகமலர் கேட்டாள். "அந்த மனுசன் எங்கட வீட்டில இருந்து தேத்தண்ணி குடிச்சுப்போட்டெல்லோ போனது?"

"நான் உண்மையைத்தானே சொன்னனான்."

"ஓம். ஆருக்காகச் சொன்னியள்?"

விளக்குப் பச்சையானது. அவர் காரை எடுத்தார்.

பத்து நாளும் போகவில்லை, நகரசபை ஆட்கள் அளக்கும் கருவிகளோடு தெருவுக்கு வந்தார்கள். வளவு வளவாக ஏறி இறங்கி, செம்மஞ்சள் நிற முளைகளை அடித்துக்கொண்டு போனார்கள். இரத்தினவேலின் வீட்டில் முளை சமையலறை யன்னலுக்கு நேர் கீழே வந்து நின்றது. அதற்கு அப்பால் ஒருவரும் காலடி வைக்கக்கூடாது. பின் அறைகளில் படுக்கவும் கூடாது. தெருவில் பாதிப் பேருக்கு அதே கதி. விற்கவென்று பலகை நட்டிருந்த மூன்று வீடுகளை அதன்பின் ஒருவரும் வந்து பார்க்கவில்லை.

சங்கம் அவசரமாகக் கூடியது. அவருக்கு அழைப்பு வரவில்லை. அவரே போனார். மிஸிஸ் ஹார்டிங் வாசலிலேயே மறித்தார். "மிஸ்டர் இரத்தினவேல்," என்றார், ஒரு எழுத்தும் பிசகாமல். "இது உறுப்பினர்களுக்கான கூட்டம்."

"நானும் உறுப்பினர்தானே?"

"அதைப் பற்றித்தான் உள்ளே பேசுகிறோம்."

ரே என்று கூப்பிட்ட அந்த நாக்குக்கு முழுப்பெயரும் இத்தனை காலமும் தெரிந்திருந்தது. அவர் மாதா கோயில் மண்டபத்தின் படியில் கொஞ்சநேரம் நின்றார். உள்ளே யாரோ பேச, யாரோ சிரித்தார்கள். கேள்விப்பட்டபோது எனக்கும் அவரில் ஒரு சொட்டு இரக்கம் வந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் மனுசன் வீட்டுக்குப் போய் என்ன செய்தார்? கோயில்காரர் கரையைக் கேட்டபடியால்தான் இவ்வளவும் வந்தது என்று யோகமலரிடம் சொன்னார். என் இரக்கம் அதோடு போயிற்று.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. இரண்டாம் நாள் மத்தியானம், யோகமலர் சமையலறையில் பருப்புக் கழுவிக்கொண்டு நின்றபோது, யன்னலுக்கு வெளியே நின்ற வெள்ளைப் பட்டைப் பேர்ச் மரம் ஒரு சத்தமுமில்லாமல் கீழே இறங்கிப் போனது. முளையும் போனது. தவில் ஒன்றும் அடிக்கவில்லை.

அவள் அடுப்பை நிறுத்திவிட்டு இரண்டு சூட்கேஸ்களை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

"எங்க போறீர்?" என்றார் இரத்தினவேல்.

"வோபர்னுக்கு. வேலைக்குப் பக்கத்தில ரெண்டறை வீடொண்டு இருக்குதாம். முந்தாநாளே சொல்லி வைச்சனான்."

"எனக்குச் சொல்லேல்லையே."

"சங்கத்தில கேட்டுச் சொல்லுறனெண்டு சொல்லுவியள். அதுதான்."

"வடக்க மில்லிக்கன் பக்கம் வீடு பாப்பம், மலர். தனி வீடு. புதுசு."

"நீங்கள் பாருங்கோ. நான் வாறன்." யாழ்ப்பாணத்தில் 'போறன்' என்று சொல்லிவிட்டு ஒருவரும் புறப்படுவதில்லை. ஆனால் அந்த 'வாறன்' திரும்பி வருகிறதல்ல என்று அவருக்குத் தெரிந்தது.

முன்னறைச் சோபாவில் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு காற்றுக்கும் எழும்பி உட்கார்ந்து, மாதமொன்று தாக்குப் பிடித்தார். பிறகு அவரும் வோபர்னுக்குப் போனார். மேட்டு வீட்டை அடுத்த கோடையில் அரசாங்கம் எடுத்து இடித்தது. தெருவிலிருந்த மற்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மரபு நாளும் நடக்கிறது. மண்மேடு எவ்வளவு வெள்ளை என்று வேறு யாரோ சொல்கிறார்கள்.

கோயில்காரருக்குக் கிழக்கே, ரூஜ் ஆறு ஏரியில் விழுகிற இடத்தில் ஒரு மணற்கரை கிடைத்தது. தொண்ணூற்றேழு ஆடியில் பள்ளிக்கூட பஸ் மூன்று பிடித்துச் சனத்தை ஏற்றிப் போனார்கள். தவில் ஒலித்தது, கரை எங்கும் போகவில்லை. யோகமலர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்காலளவு தண்ணீரில் இறங்கினாள். அந்த ஏரி ஆடியிலும் சூடாகாது. குளிர் காலைக் கவ்வ, அவள் கூச்சமில்லாமல் கத்திச் சிரித்தாள். பக்கத்தில் நின்ற பெண்களும் சிரித்தார்கள்.

சொம்போடு தண்ணீருக்குள் நின்ற சிவபாதம் அவளைப் பார்த்தார். "எங்க அக்கா, அண்ணை வரேல்லையோ?"

"அவருக்குக் கூட்டம்," என்றாள் யோகமலர். "எங்கட பில்டிங் சங்கத்துக்கு இப்ப அவர்தான் தலைவர். புதுசா வந்த சனம் பல்கனியில உடுப்புக் காயப் போடுதாம். கட்டடத்தின்ர மரியாதை கெடுதாம்."

சிவபாதம் சொம்பை நிறைத்து அவள் தலையில் ஊற்றினார்.