உறுதியானவை மட்டும்

மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், ஜன்னல் இல்லாத அறையில், அவள் காலையிலிருந்து கேள்விகளை எழுதிக்கொண்டிருந்தாள். கீழே வரவேற்பில் பேசும் கருவி ஒன்றை வைக்கப்போகிறார்கள். நோயாளி வாய்விட்டுக் கேட்டால் அது பதில் சொல்லும். ஆனால் தன் இஷ்டத்துக்குத் தரவுத்தளத்தைத் துழாவ அதற்கு அனுமதி இல்லை. தரவுத்தளத்திடம் அது என்னென்ன கேட்கலாம் என்பதை அவள்தான் முன்கூட்டியே அமைத்துவைக்க வேண்டும். பதிவெண்ணுக்கு மட்டும் இடம் காலியாக விட்டு, மற்றதெல்லாம் மாற்ற முடியாதபடி பூட்டிய கேள்விகள். ஒவ்வொன்றின் கீழும், அதை எப்போது எடுக்க வேண்டும், விடை வராவிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு குறிப்பு. கூட வேலை செய்பவர்கள் அவளைக் கேள்விக்காரி என்றே கூப்பிட்டார்கள். எதிரே இருக்கும் மனிதர்களைக் கேள்வி கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

"அதுக்கு வாய் இருக்கட்டும்மா, கை நீளக் கூடாது" என்று மேலாளர் அடிக்கடி சொல்வார். அறுவை சிகிச்சைத் தேதி பற்றிய கேள்விக்கு வந்தபோது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தள்ளிப்போட்டதெல்லாம் ஏன் வருது?"

"அவங்களும் காத்துக்கிட்டுத்தானே சார் இருக்காங்க?"

"தள்ளிப்போச்சுன்னு மெஷின் சொன்னா நேரா என் ரூமுக்கு வந்து சட்டையப் பிடிப்பாங்க. உறுதியான தேதி மட்டும் வந்தாப் போதும்."

"அப்ப அவங்க நம்பரைப் போட்டா ஒண்ணுமே வராதே."

"வரலைன்னா பதிவு இல்லைன்னு சொல்லட்டும். புதுசாப் பதியணுமான்னு கேக்கட்டும். அதுக்குத்தான் ஏற்கெனவே ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கீங்களே."

புதிதாகப் பதிந்தால் பழைய பதிவு தானாக ரத்தாகும். ஒரே ஆள் இரண்டு இடம் பிடிக்கக் கூடாதென்று எப்போதோ செய்த ஏற்பாடு அது. அவளுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் அவளுடைய ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது, நீட்டிக்க வேண்டியவர் அவர்தான். அதைச் சொல்லாமலே, உறுதியானவை மட்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தாள். சோதித்தபோது விடைகள் சுத்தமாக வந்தன. மேலாளர் அவளுக்கு டீ வாங்கித் தரச் சொன்னார்.

கருவியை வைத்த வாரமே அண்ணன் போன் செய்தான். கிடங்கில் மூட்டை தூக்குபவன். இதய வால்வு கெட்டுப்போய், இரவில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்குகிறவன். இந்த மாதத்தைத் தாண்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அன்றைக்குத்தான் அறுவை சிகிச்சைக்காக அவனைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். முந்தின நாள் மாலைகூட அவன் தேதியை அவள் பார்த்திருந்தாள்; உறுதி என்றே இருந்தது.

"பாப்பா, கீழதான் இருக்கேன். டாக்டர் திடீர்னு லீவாம், தேதியைத் தள்ளிப்போட்டுட்டாங்க. சரி எப்பன்னு அந்த மெஷின்கிட்டக் கேட்டேன். என் பேருல பதிவே இல்லைன்னுடுச்சு. பகீர்னு ஆயிடுச்சு போ."

"அப்புறம்?"

"புதுசாப் பதியட்டுமான்னு அதுவே கேட்டுச்சு. ஆமான்னேன். உடனே சீட்டுக் குடுத்துடுச்சு. என்ன மரியாதைங்கிற!"

"என்னைக் கேட்டிருக்கலாமேண்ணா."

"வேலை நேரத்துல உன்னை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

அவள் திரைக்குத் திரும்பினாள். அவன் எண்ணைப் போட்டுப் பார்த்தாள். பழைய பதிவு ரத்தாகியிருந்தது. புதிய பதிவு வரிசையின் கடைசியில், அடுத்த கோடையில் கிடந்தது. அதை இடம் மாற்றும் அனுமதி மேலாளரிடம் மட்டுமே உண்டு. ஓடினாள்.

அவர் திரையைப் பார்த்தார். "கருவி ஒழுங்காத்தான் வேலை செஞ்சிருக்கு. அவரே ஆமான்னு சொல்லியிருக்காரே."

"எங்க அண்ணன் சார்."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "ஒருத்தருக்கு மாத்தினா, இதே மாதிரி பதிஞ்ச எல்லாருக்கும் மாத்தணும். ஏன்னு கேப்பாங்க. யார் எழுதினதுன்னும் கேப்பாங்க." பிறகு குரலை இறக்கி, "இந்த வாரம் கீழ ஒரு சண்டைகூட இல்லம்மா" என்றார்.

அவள் படியிறங்கினாள். வரவேற்பில், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் கருவியின் முன்னால் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் துணிப்பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு, மூச்சு வாங்க அந்தப் பெண்ணருகில் போனான்.

"பதிவு இல்லைங்குதா? பயப்படாதீங்கம்மா, எனக்கும் அப்படித்தான் சொல்லுச்சு. ஆமான்னு மட்டும் சொல்லுங்க, மத்ததை அது பாத்துக்கும்."

"அண்ணா!" என்று படியிலிருந்தே கத்தினாள்.

அவன் திரும்பி முகமெல்லாம் சிரித்தான். "என் தங்கச்சி. இங்கதான் வேலை பாக்குறா" என்றான் அந்தப் பெண்ணிடம்.

அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது. குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு, கருவியின் பக்கம் குனிந்து, அதற்கு நன்றாகக் கேட்கும்படி "ஆமா" என்றாள்.