சும்மா வந்த கிளி

...சும்மா வந்தது, சும்மாவே போகட்டும், எப்படித்தான் அப்படிச் சொல்ல வாய் வந்ததோ அவருக்கு, அதுவும் கூண்டுப் பக்கம் திரும்பாமலே, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, நீயே கொண்டுபோய் விட்டுடு, எனக்கு இன்னிக்கு டியூட்டி... பஸ் கிளம்பி ஒரு குலுங்கு குலுங்கியது, அவள் மடியிலிருந்த கூண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஜன்னலோர சீட்டு கிடைத்தது நல்லதாகப் போயிற்று. கூண்டின்மேல் போட்டிருந்த துணி காற்றில் உப்பி உப்பி அடங்கியது, ஏதோ ஆபீசுக்கு அவள் தைத்த திரைச்சீலையில் மிஞ்சிய துண்டு, கடல் பச்சை, வெளிச்சம் பட்டால் தண்ணீருக்குள் இருப்பது போலிருக்கும். உள்ளே மேனேஜர் கம்பியை மாற்றிப் பிடிக்கிற கரக், கரக். மேனேஜர் என்று பெயர் வைத்தது அவர்தான், சாம்பல் கோட்டும் சிவப்பு வாலுமாக இங்கேயும் அங்கேயும் நடந்து எல்லாரையும் அதட்டுகிறதே, எங்க மேனேஜரேதான் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கண்டக்டர் வந்து துணியைப் பார்த்து, உள்ள யாரும்மா என்றான். கிளி என்றாள். பேசுமா? பேசும். பேசினா டிக்கெட் எடுக்கணும்மா, பேசாம வரச் சொல்லுங்க... நாலு பேர் சிரித்தார்கள், அவளும் முகக்கவசத்துக்குள் சிரித்தாள். சிரித்தால் இருமல் வரும். அடக்கிக்கொண்டாள்.

சும்மாதான் வந்தது, அது உண்மை. லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்தில், மேல் மாடிக் குடித்தனக்காரர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்களாம், பெட்டியெல்லாம் போய்விட்டது, கிளி மட்டும் நடு ஹாலில், எடுத்துக்கறீங்களா சார், கூண்டோட தர்றோம். இவர் ஒரு கையில் டூல் பாக்ஸும் இன்னொரு கையில் கூண்டுமாக வாசலில் வந்து நின்றபோது முகம் எப்படி இருந்தது, சின்னப் பையன் மாதிரி. மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன புதிது. வீட்டில் கரண்டி விழுந்தால்கூட இரண்டு பேரும் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு ஒரு சத்தமின்மை. வீடு வெறிச்சுன்னு கிடக்கே, இது பேசிக்கிட்டிருக்கும்ல என்றார். பேசத்தான் செய்தது, ஆனால் யாருடைய பேச்சை... ஒரு பெண்ணின் சிரிப்பு, மூச்சு வாங்க வாங்க, முடிவில் ஒரு ஹாய்யோ. எண்ணெய் காணாத ஒரு கதவின் கிறீச். இவர்கள் வீட்டில் அப்படி ஒரு கதவே கிடையாது. இல்லாத கதவைத் திறந்துகொண்டு தெரியாத பெண் ஒருத்தி தினம் ஹாலுக்கு வந்து சிரித்துவிட்டுப் போவாள், அவள் யார், எதற்கு அப்படிச் சிரித்தாள், இப்போதும் எங்கேயாவது சிரித்துக்கொண்டிருக்கிறாளா? தைத்துக்கொண்டே அவள் யோசிப்பாள். மெல்ல மெல்ல அந்தச் சிரிப்பு மங்கிப்போனது, அந்த இடத்தில் இவர்கள் வீட்டுக் குக்கர் சத்தமும், மிஷினின் தடதடப்பும், மகள் போன் மணியும் வந்து உட்கார்ந்தன. ஒரு வீட்டை அழித்துவிட்டு அதன்மேல் இன்னொரு வீட்டை எழுதிக்கொள்கிறது இது, இன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து இதன்மேல் எந்த வீடு...

சும்மா வந்ததற்கு என்னவெல்லாம் கொடுத்தாயிற்று. முதலில் ஜன்னல் சட்டம், பிறகு அவர் மூக்குக்கண்ணாடியின் காது, பிறகு தூக்கம், பொழுது சாய்ந்தால் அது போடுகிற கூச்சலுக்கு எதிர்வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றது. அதெல்லாம் போகட்டும். பேத்தி பிறந்தபோது போய் இரண்டே நாள்... அதற்குள் இவர் போன், மேனேஜர் சாப்பிட மாட்டேங்கிறாரு, நெஞ்சு முடியெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டாரு, நீ வந்துடேன். மகள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, போம்மா, உன் மூத்த பிள்ளை தேடும் என்று மட்டும் சொன்னாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், அந்தச் சிரிப்புதான் இன்னும் குத்துகிறது. வந்து பார்த்தால் நெஞ்சு முழுக்க ரோஜா நிறத் தோல், குளிரில் நிற்கிற குழந்தை மாதிரி நின்றது, திட்டவா முடியும்? விரலை நீட்டினால் அலகை அதன்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடியது. அன்றிலிருந்து வெளியூர் என்ற பேச்சே கிடையாது. பிறகுதான் இந்த இருமல்.

இருமலுக்குத் துணியைக் குற்றம் சொன்னார்கள். ஒரு டாக்டர், பஞ்சும்மா, துணிப் பஞ்சு உள்ள போகுது என்றார், வெல்வெட் தைப்பதை நிறுத்தினாள். இன்னொரு டாக்டர், தையலையே கொஞ்ச நாள் விடுங்க, பார்ப்போம் என்றார், விட்டாள். மகள் பிறப்பதற்கு முன்பிருந்து அவளோடு இருந்த மிஷின், அதற்கே ஒரு திரைச்சீலையைப் போர்த்தி மூலையில் நிறுத்தினாள். இருமல் நிற்கவில்லை. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார வேண்டியதாயிற்று. கடைசியாகப் பார்த்த டாக்டர், வயதில் சின்னவர், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தபடி, வீட்ல பறவை ஏதாவது இருக்காம்மா என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டாள். என்ன டாக்டர், ஜோசியம் மாதிரி? அவர் சிரிக்கவில்லை. இந்த ஜாதிக் கிளி சிறகை உதறும்போது பவுடர் மாதிரி ஒரு தூள் விழும்மா, அதைத்தான் இத்தனை நாளா மூச்சோட எடுத்துக்கிட்டிருக்கீங்க, நுரையீரல் கெட்டியாகிட்டு வருது, இதோட நிறுத்தினா இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம். அப்படியென்றால்? கிளியா நீங்களான்னு முடிவு பண்ணிக்குங்கம்மா. காலையில் ஜன்னல் வெயிலில் மிதக்குமே அந்த வெள்ளைத் தூள், மேனேஜர் குளிச்சிட்டுப் பவுடர் போடறாரு என்று இரண்டு பேரும் ரசித்தார்களே, மினுமினுவென்று, மெதுவாக, கீழே வர மனசில்லாத மாதிரி... அதுவா? அவ்வளவு அழகாக இருந்ததே.

வீட்டில் வந்து சொன்னபோது அவர் அப்படியா என்றார். மறுநாள், நல்ல இடமாப் பார்க்கணும் என்றார், அவ்வளவுதான். கோபமா, வருத்தமா, யார்மேல், நோயின் மேலா அவள்மேலா, ஒன்றும் தெரியவில்லை. அவர் எப்போதுமே அப்படித்தான், பேச்சில் கஞ்சம். ஆனால் கல் நெஞ்சக்காரர் இல்லை, அதை யாரிடமும் சத்தியம் செய்து சொல்வாள். இத்தனை நாளில் அவள் பின்னறையில் இருமும்போது ஒருமுறைகூட ஹாலிலிருந்து அந்தக் குரல் வராமல் இருந்ததில்லை, தண்ணி குடிம்மா... மெதுவா. டி.வி. ஓடினாலும் வரும், கிரிக்கெட் ஓடினாலும் வரும். அந்த 'மெதுவா'வில் ஒரு இறக்கம் இருக்கும், கைக்குழந்தையைத் தொட்டிலில் இறக்குகிற மாதிரி. எழுந்து வரமாட்டார்தான், வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, மூச்சுக்குத் தவிக்கிற நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது போதாதா? காலையில் அவர் முகம் கொடுக்காமல் போனதற்குக்கூட அவள் இதைத்தான் வைத்துச் சமாதானம் செய்துகொண்டாள், போகட்டும், அவருக்குப் பார்க்கத் தெம்பில்லை, ராத்திரி நான் இருமினால் கேட்கப்போகிறது அந்தக் குரல்...

பஸ் ஏதோ பாலத்தில் ஏறியது. வெயில் கம்பிகளுக்கிடையே விட்டு விட்டு வந்து மடியில் விழுந்தது, பச்சைத் துணி ஒளிர்ந்து மங்கி, ஒளிர்ந்து மங்கி, கண் சொக்கியது. அடக்கி வைத்திருந்த இருமல் அப்போதுதான் அவளை மீறி வந்தது, குனிந்து, கூண்டின்மேல் நெற்றி முட்ட, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு... பக்கத்து சீட்டு அம்மாள் முதுகைத் தடவினாள்.

தண்ணி குடிம்மா... மெதுவா.

அவர் குரல். அவ்வளவு அருகில். எப்போது ஏறினார், டியூட்டி என்றாரே, மனசு கேட்காமல் வந்துவிட்டாரா? நெஞ்சு நிறைந்து அவள் திரும்பிப் பார்த்தாள், பின் சீட்டில் இரண்டு பெண்கள், அதற்குப் பின்னால் மூட்டை. பக்கத்து அம்மாளும் கழுத்தைத் திருப்பித் தேடினாள், உங்க வீட்டுக்காரரா, எங்க இருக்காரு? கேட்டுவிட்டு அந்த அம்மாளே மெல்லக் குனிந்து துணியைப் பார்த்தாள். அட, இதுவா! என்னமா அக்கறையாச் சொல்லுது பாருங்க, எங்க வீட்ல இருக்கிறதும் இருக்கே, வாயைத் திறந்தா காபி எங்கன்னுதான் வரும்.

அவள் துணியின் ஓரத்தைத் தூக்கினாள். மேனேஜர் ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தது, ஒன்றும் சொல்லவில்லை. ஆமாம், அவள் முகம் தெரிந்தால் அது பேசாதே. ஆள் கண்ணுக்கு மறைந்தால்தான் கூப்பிடும். பகலெல்லாம் அவளோடு பின்னறையில் இருக்கும், அவளைப் பார்த்தபடி, வாயே திறக்காது. அவர் வேலைவிட்டு வந்ததும் கூண்டு ஹாலுக்குப் போய்விடும். நடுவில் சுவர். அவள் துணியை இறக்கினாள். வேண்டுமென்றே, லேசாக, ஒரே ஒரு இருமல் இருமினாள். மெதுவா, என்றது துணி. அதே இறக்கம். தொட்டிலில் குழந்தை.

அப்படியானால் எது அவர், எது இது? எல்லாமுமா? இல்லை, சொல்லியிருக்கிறார், சொல்லாமல் கிளிக்கு எப்படி வரும், ஒருதரம் இரண்டுதரம் கேட்டு வருகிற பாடமா அது, எத்தனை ராத்திரி சொல்லியிருந்தால் அந்த இறக்கம்வரை படிந்திருக்கும்... பிறகு எப்போது நிறுத்தினார்? ஏன்? பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது, யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள். ஒருநாள் அவர் சொன்னார், சிரித்துச் சிரித்து, கேளு இந்தக் கூத்தை, நீ இருமறேன்னு சொம்போட பின்னறைக்கு ஓடறேன், அங்க யாருமே இல்ல, நீ கடைக்குப் போயிருக்கே, திரும்பிப் பார்த்தா மேனேஜர் இருமறாரு! அச்சு அசல் உன் இருமல்! அவளும் சேர்ந்து சிரித்தாளே. கொஞ்ச நாள் கழித்து இன்னொன்று சொன்னார், உன் மேனேஜர் இப்பல்லாம் டபுள் ஆக்ட் என்று, அவளுக்கு அப்போது புரியவில்லை, குழம்பு தீய்கிறதே என்று உள்ளே ஓடிவிட்டாள். இருமுவதும் கிளி, தேற்றுவதும் கிளி. அவர் அப்படித்தானே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமுவது அவருக்குக் கிளியாகக் கேட்டது, இந்தப் பக்கம் கிளி பேசுவது அவளுக்கு அவராகக் கேட்டது, நடுவில் உட்கார்ந்து இது ஒண்டியாக இரண்டு பேருக்கும் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறது. சில சமயம் அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு சின்னச் சிரிப்பு கேட்கும், டி.வி.யில் ஏதோ என்று நினைப்பாள். அது அவர்தானா? கோபம் வருகிறதா என்று நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள், வரவில்லை, அழுகையும் வரவில்லை, பச்சைத் தண்ணீருக்குள் எங்கேயோ மெல்ல அமிழ்வது போலத்தான் இருந்தது.

கிளியக்கா என்று அந்தத் தெருவே கூப்பிடுகிறவள் வாசலிலேயே நின்றிருந்தாள், நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், வீட்டை ஒட்டிக் கம்பிவலை போட்டு ஒரு பெரிய அறையையே பறவைகளுக்கு விட்டிருந்தாள். உள்ளே இதே மாதிரி இன்னொரு சாம்பல் கிளி தலைகீழாகத் தொங்கி வேடிக்கை பார்த்தது. கூண்டு எதுக்கும்மா எனக்கு, நீயே எடுத்துட்டுப் போ, நீ உள்ள வராதே, தூளு. வலைக்கு வெளியே நின்று பார்த்தாள். மேனேஜர் ஒரு கிளையில் ஏறியது, நெஞ்சில் புது முடி முளைத்திருந்தது, உடம்பை உலுக்கிக்கொண்டது, வெயிலில் அந்தத் தூள் மெல்லப் பறந்தது. என்னவெல்லாம் பேசும் என்று கிளியக்கா கேட்டாள். அவள் சொல்லத்தான் வாயெடுத்தாள். இருமும்க்கா... என்னை மாதிரி இருமும், பயந்துடாதீங்க. கிளியக்கா சிரித்தாள், நான் கேக்காத இருமலா? வேற? வேறு... அதைச் சொல்லவில்லை. நாளைக்கோ மறுநாளோ இந்த வீட்டில் ஒரு ஆண் குரல் தண்ணி குடிம்மா என்னும், யாரவர், யாரிடம் சொன்னார் என்று கிளியக்கா யோசிப்பாள், பிறகு அது மங்கும். அவள் திரும்பி நடந்தாள், முகம் மறைந்ததும் பின்னால் ஒரு இருமல் கேட்டது, அவளுடையது. அவள் நிற்கவில்லை. நின்றால் போக மாட்டாள்.

வெற்றுக் கூண்டை என்ன செய்வதென்று தெரியாமல் பழைய இடத்திலேயே, ஹாலில், துணியோடு வைத்தாள். கைகாலைக் கழுவி உடை மாற்றிக்கொண்டு பின்னறையில் போய் மிஷின் அருகில் உட்கார்ந்தாள், விளக்குப் போடவில்லை, பொழுது சாய்கிற வெளிச்சம் போதும், இந்நேரம் கூச்சல் ஆரம்பித்திருக்க வேண்டும், எதிர்வீட்டில் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். சாவி திரும்புகிற சத்தம். ஷூ. சோபா அமுங்கியது. டி.வி. போடப்படவில்லை. கூண்டை, அந்தத் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், போயிற்றா போகவில்லையா என்று தூக்கிப் பார்க்கத் துணிவில்லை அவருக்கு, எழுந்து போய்ச் சொல்லலாம், விட்டுட்டேங்க என்று, சொல்ல வேண்டும்தான், ஆனால் இருமல் முந்திக்கொண்டது. அடக்கவில்லை. இருமி முடித்து, வாயில் வைத்த கையை எடுக்காமல், காத்திருந்தாள்.

நீயா? என்றார்.

கரகரத்த குரல், கிளியின் குரலில் அவருக்கு இத்தனை வயது ஆகியிருக்கவில்லை. சுவரைப் பார்த்துக் கேட்டாரா, துணியைப் பார்த்துக் கேட்டாரா? எதைக் கேட்க ஆசைப்பட்டுக் கேட்டார்? சோபா மறுபடி ஒலித்தது, எழுந்துவிட்டார், இரண்டு எட்டு, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, நான்தான் என்று சொல்ல வாயெடுத்தவள், ஏனோ, எந்தக் குரலில் சொல்வது என்று ஒரு கணம் தயங்கினாள்.