பால் காய்ச்சிய வீடு

"உங்க ஃபைல் இன்னும் லீகல்ல இருக்கு மேடம்" என்றாள் ஜூலியா. பேங்கில் எங்கள் வீட்டுக் கடனைப் பார்ப்பவள் இவள்தான். முதலில் வேல்யுவேஷன் என்றார்கள். ஒருவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு தாய்ப்பத்திரம் கேட்டார்கள். கொடுத்தால் அதில் ஒரு பக்கம் தெளிவாக இல்லையாம். தெளிவாகக் கொடுத்தால் சர்வர் டவுன். சர்வர் எழுந்தபோது ஜூலியா லீவில் போயிருந்தாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே அந்தப் பூசாரிக்கு மேல் இன்னும் நாலு பூசாரி கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது.

"கோச்சிக்காதீங்க மேடம். வக்கீல் ஒப்பீனியன் வந்தா நானே போன் பண்றேன்."

"போன மாசமும் இதத்தானங்க சொன்னீங்க?"

அவள் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினாள். அதில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு வயிற்றெரிச்சல்தான் வந்தது.

என் அவசரம் அவளுக்கு எங்கே தெரியப்போகிறது? ஹெப்பகோடியில் மூன்றாவது மாடியிலிருக்கும் அந்த வீட்டில் வைகாசியிலேயே பால் காய்ச்சிவிட்டோம். கடன் வரவில்லை, பத்திரம் பதியவில்லை. ஆனால் வைகாசியை விட்டால் ஆனியும் ஆடியும் ஆகாது, ஆவணி வரை காத்திருக்க வேண்டும். "லோன் இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு வரும். போன முகூர்த்தம் வருமாடி?" என்று திருப்பத்தூரிலிருந்து என் மாமியார் ரத்தினம்மாள் போன் மேல் போன் போட்டார். பில்டரின் ஆள் ரங்காவும் "பூஜைதானே அக்கா, தாராளமா பண்ணுங்க. டென்ஷன் பேடா, கவலையே வேணாம்" என்று தன் கன்னடத் தமிழில் சிரித்தபடி சாவியைக் கொடுத்தான். என் கல்யாண ஆரமும் வளையல்களும் ஏற்கெனவே அட்வான்ஸாக அந்த பில்டரிடம் போயிருந்தன. பால் பொங்கிய சந்தோஷத்தில், பொம்மனஹள்ளி வாடகை வீட்டை ஆடி முடிவதற்குள் காலி செய்வதாக வேறு சொல்லித் தொலைத்தோம். ஓனரம்மா அடுத்த ஆளையும் பார்த்துவிட்டார்.

பால் காய்ச்சிய அன்றைக்கு அடுப்பு வைக்க மேடையைத் துடைத்தபோது கிழக்கு மூலையில் பால் வழிந்து காய்ந்த கறை இருந்தது. "வேலையாளுங்க டீ போட்டிருப்பாங்க" என்றார் என் கணவர் அஷ்வின். இருக்கும் என்று நானும் தேய்த்துக் கழுவிவிட்டேன்.

பால் காய்ச்சிய வீட்டை இருட்டாக விடக் கூடாது. அதனால் வெள்ளிக்கிழமை தோறும் ஆபீஸ் விட்டு நேராக அங்கே போய், பூஜை மாடத்தில் என் காமாட்சி விளக்கை ஏற்றி, எண்ணெய் தீரும் வரை வெறுந்தரையில் உட்கார்ந்திருப்பேன். எந்தச் சுவரில் டிவி, எந்த ஜன்னலில் துளசி என்று மனசு பாட்டுக்குக் குடித்தனம் நடத்தும். கட்டடத்தில் இன்னும் யாரும் குடிவரவில்லை. ஆனால் இரண்டு தடவை தரை பெருக்கிச் சுத்தமாக இருந்தது. ரங்கா பரவாயில்லையே, ஆள் விட்டுப் பெருக்கியிருக்கிறானே என்று மெச்சிக்கொண்டேன்.

ஜூலியாவை நம்பி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அந்த வக்கீலையே பார்க்க தொம்மலூருக்குப் போனேன். சீனிவாசராகவன் என்று பெயர். பல பேங்குகளுக்குப் பத்திரம் பார்ப்பவர். அறை முழுக்கக் கோப்புகள். ஹெப்பகோடி என்று சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"மூணாவது மாடியா? கிழக்குப் பார்த்த வாசல், பூஜை மாடத்துல பச்சை டைல்ஸ்?"

"ஆமா சார். நீங்க நேர்ல வந்து பாத்தீங்களா?"

"இல்லை. கேள்விப்பட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பால் காய்ச்சிட்டேளா?"

"வைகாசியிலயே ஆச்சு சார்."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "பூட்டை மாத்தினேளா?" என்றார்.

இது என்ன கேள்வி? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்களுக்கென்ன சார், நீங்க ஒரு கையெழுத்து போடாம வெச்சிருக்கீங்க. நாங்க நடுத்தெருவுல நிக்கணுமா?" என்று கேட்டேவிட்டேன்.

"ஸ்வல்ப பொறுத்துக்கோங்கோம்மா. நான் பேங்குக்கு எழுதறேன், அவா சொல்லுவா. இன்னொருத்தர் விஷயத்தை நான் பேசறது முறையில்லை." வாசல் வரை வந்தவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு மட்டும் சொல்றேன். அந்த பில்டருக்கு இனிமே ஒரு பைசா கொடுக்காதீங்கோ."

பஸ்ஸில் வரும்போது ரங்காவுக்கு போன் அடித்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தேன், ஸ்விட்ச் ஆஃப். அஷ்வினிடம் சொன்னதற்கு, "கிழம் ஏதோ பயமுறுத்துது. பணம் எதிர்பார்க்குதோ என்னவோ" என்றார். எனக்கும் அப்படியே இருந்துவிடக் கூடாதா என்றிருந்தது.

மறுநாள் ஆடி வெள்ளி. மல்லிகையும் தீப்பெட்டியும் பையில் போட்டுக்கொண்டு ஹெப்பகோடிக்குப் போனேன். சில்க் போர்டு டிராஃபிக்கில் நேரமாகிவிட்டது. லிஃப்ட் ஓடவில்லை, இருட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன். சாவி எப்போதும்போல் திரும்பியது. அப்பாடா என்று கதவைத் தள்ளினேன்.

உள்ளே வெளிச்சமாக இருந்தது.

பூஜை மாடத்தில் ஒரு குட்டிக் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் அதை முன்பின் பார்த்ததில்லை. அதன் கழுத்தில் ஒரு முழம் கனகாம்பரம். ஊதுவத்தி பாதிதான் எரிந்திருந்தது. தரையில் ஈரம் காயாத மாக்கோலம். என்னைப் போலவே அந்த பில்டரிடம் பணம் கட்டிய யாரோ ஒருத்தி, என்னைப் போலவே ஒரு சாவியோடு, இந்த வீடு இருட்டாக இருக்கக் கூடாதே என்று வந்துபோயிருக்கிறாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடிப்பாவி என்று வாயில் வந்தது. அவளைச் சொன்னேனா, என்னைச் சொன்னேனா என்று தெரியவில்லை.

என் காமாட்சி விளக்கு எங்கே என்று தேடினேன். தூக்கி எறியவில்லை. மாடத்தின் வலது ஓரத்தில் நகர்த்தி வைத்திருந்தாள். புளி போட்டுத் துலக்கியிருப்பாள் போல, போன வாரத்துக் கரியெல்லாம் போய்ப் பளபளவென்றிருந்தது. பொட்டு வைத்து, புதுத் திரி போட்டு, விளிம்பு வரை எண்ணெய் ஊற்றியிருந்தாள்.

ஏற்றாமல் விட்டிருந்தாள்.