பச்சை அடிக்காத சோலை

சாரல் விழுந்துகொண்டிருந்தது. வள்ளித்தாய் தலையில் கூடாரத் துணிமூட்டையோடு, முன்னால் ஏறும் புருஷனின் கால்களையே பார்த்துக்கொண்டு போனாள். சுடலைக்கண்ணு நடந்த நடை அவளுக்குத்தான் புரியும். மந்திகள் தின்றுவிட்டுப் போட்ட வெடிப்பலாவின் முள்தோல் வழியில் கிடந்தால், காலால் சருகுக்குள் தள்ளி மிதித்துவிட்டுப் போனான். அவன் விட்டதை அவள் மிதித்தாள். முள் உள்ளங்காலில் ஏறியது. சத்தம் காட்டாமல் நடந்தாள்.

பின்னால் வந்த அருமைநாயகம் நின்று நின்று காலில் அட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார். சோலைமந்தி வாழும் காடுகளைக் கண்டு, வரைபடத்தில் பச்சைப் பென்சில் அடிக்கச் சர்க்கார் அனுப்பிய ஆள். நல்ல மனுஷர்தான். தன் ரொட்டியில் பாதியை அவர்களுக்குக் கொடுத்தார். அந்தப் பென்சில்தான் பொல்லாதது. "பச்சை அடிச்ச காட்டுக்குள்ள இனி யாரும் கத்தி கொண்டுபோகக் கூடாது" என்று காலையில் அவர் சந்தோஷமாகச் சொல்லியிருந்தார். ஐந்தருவிக்கு மேலே இந்த ஒரு சோலையில் எடுக்கும் தேனும் குங்கிலியமும்தான் அவர்களுக்குச் சோறு. குடிசையும் இதன் ஓரத்தில்தான்.

"அய்யா, இங்கன மந்தி கெடையாது. மலைக்கு அந்தப் பக்கம்தான் திரியுது" என்றான் சுடலைக்கண்ணு.

"இவ்வளவு வெடிப்பலா நிக்குதே. மந்திக்கு இதுதானேப்பா சாப்பாடு?"

"மரம் நிக்குதுய்யா. திங்கதுக்கு ஆளில்ல."

தலைக்கு மேலே ஒரு கிளை அசைந்தது. வள்ளித்தாய் அண்ணாந்தாள். நரைத்த பிடரிக்கு நடுவே ஒரு கறுத்த முகம், குட்டியை வயிற்றோடு அணைத்தபடி அவளையே பார்த்தது. அது ஒரு குரல் கொடுத்தால் கூட்டமே கத்தும்.

மூட்டையைக் கீழே போட்டு, "பாம்பு! அய்யா, பாம்பு!" என்று அலறினாள்.

பாம்பு பொய். அலறல் பொய்யில்லை. காலையிலிருந்து அடக்கிவைத்த பயமெல்லாம் அதில் வந்தது. அருமைநாயகம் சரிவில் திரும்பி ஓடினார். மேலே கிளைகள் படபடவென்று அதிர்ந்து அடங்கின. கூட வந்த காட்டிலாகா கார்டு சங்கிலிப்பாண்டி மட்டும் ஓடாமல் மேலே பார்த்தார். அவள் முகத்தையும் பார்த்தார். கீழே கிடந்த மூட்டையை எடுத்து அவள் தலையில் ஏற்றிவிட்டார்.

கீழே இறங்கியதும் அருமைநாயகம் படத்தை விரித்தார். அக்கம்பக்கத்து மலைக்கெல்லாம் பச்சை அடித்துவிட்டு, அந்தச் சோலையை வெறுமனே விட்டார்.

"பொழச்சோம்ட்டி" என்றான் சுடலைக்கண்ணு, அவள் காதோரம்.

தை பிறந்ததும் கோடாலிகள் வந்தன. சத்தம் கேட்டு வள்ளித்தாய் சோலைக்குள் ஓடினாள். வெட்டு ஆட்களோடு சங்கிலிப்பாண்டி நின்றார்.

"மந்தி இல்லாத காடுன்னு மேல எழுதியாச்சு. தேயிலைக்குக் குடுத்துட்டாங்க. குடிசையப் பிரிச்சிருங்க தாயி."

"இருக்கு அண்ணாச்சி! கூட்டமா இருக்கு! நாங்கதான் மறைச்சோம். அந்த அய்யாவக் கூப்பிடுங்க, பச்சை அடிக்கச் சொல்லுங்க!"

"எனக்குத் தெரியாதா? அன்னைக்கே பாத்தேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "பச்சை அடிச்சிருந்தாலும் மொதல்ல ஒங்களத்தான் எறக்கியிருப்பாங்க."

அது அவள் காதில் ஏறவில்லை. வெடிப்பலா மரத்தடியில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் சருகைக் கிளறினாள். கறுத்துக் காய்ந்த முள்தோல்கள் வந்தன. விரலில் ரத்தம் வழிய, மடி நிறையப் பொறுக்கிக்கொண்டு வெட்டு ஆட்களிடம் நீட்டினாள். "பாருங்க, மந்தி தின்னது. பாருங்க!"

மேஸ்திரி அவளைக் கையசைத்து விலகச் சொன்னான். மரம் அந்தப் பக்கமாக விழும்.

முதல் வெட்டு விழுந்தது. உச்சியில் மந்திகள் கத்தின. ஒன்று தொடங்க, சோலை முழுக்கக் கத்தின. அது எல்லார் காதிலும் விழுந்தது. கோடாலி நிற்கவில்லை.