கேஸ் ஆலைத் தெருவின் தூங்குமூஞ்சி

கேஸ் ஆலைத் தெருவுக்குப் புதிதாக யார் வந்தாலும் முதலில் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். தெருக்காரர்களுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். "என்னங்க இப்படி நாறுது?" என்று கேட்டால், "எங்க நாறுது?" என்று திருப்பிக் கேட்பார்கள். கேலிக்காகக் கேட்பதில்லை. அழுகின முட்டை வாடையிலேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் வாடையைப் பற்றிக் கேட்டால் பாவம், அவர்கள்தான் என்ன சொல்வார்கள்?

ஊருக்கு வெளிச்சம் வந்ததே அந்த ஆலையிலிருந்துதான். நிலக்கரியை உலையில் போட்டு, காற்றுப் படாமல் மூடிச் சூடேற்றினால் கேஸ் வரும். முதலில் அது தெருவிளக்குகளுக்குப் போயிற்று. மின்சாரம் வந்து விளக்குகளைப் பிடுங்கிக்கொண்டதும் வீடுகளின் அடுப்படிக்குப் போயிற்று. வெந்து மிஞ்சிய கரியைக் கொல்லர்கள் வாங்கிப் போனார்கள், வடிந்த தாரை, சாலை போடுகிறவர்கள் வாங்கிப் போனார்கள். நாற்றத்தை மட்டும் யாரும் வாங்கவில்லை. அது தெருவுக்கே இனாமாகக் கிடைத்தது.

ஆலை முற்றத்தில் மாடிவீட்டு உயரத்துக்கு ஓர் இரும்புத் தொட்டி, தண்ணீருக்குள் கவிழ்த்து வைத்தது. கேஸ் சேரச் சேர எழும்பும், ஊர் சமைக்கச் சமைக்க இறங்கும். தெருப் பெண்கள் அதை அண்டா என்றார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "அண்டா ரொம்ப இறங்கிடுச்சுடி, சீக்கிரம் சமையலை முடி" என்று ஒருத்திக்கு ஒருத்தி குரல் கொடுப்பார்கள். கம்பெனி மேனேஜருக்குக்கூட அவ்வளவு அக்கறை இருந்திருக்காது.

ஆலை மதிலை ஒட்டிய கடைசி வீடு பழைய உலைக்காரருடையது. அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது அங்கே அவருடைய மூத்த மகள், அவளுடைய கணவர், இளைய மகள் என்று மூன்றே பேர். இளையவளை வீட்டில் சின்னவள் என்பார்கள். தெருவில் தூங்குமூஞ்சி.

சின்னவள் தூங்கினாள் என்பது பொய் இல்லை. காலையில் அக்கா வந்து உலுக்கினால் ஒரு கண் திறக்கும், மறுபடி மூடிக்கொள்ளும். முகத்தில் சொம்புத் தண்ணீரைக் கொட்டிய நாட்களும் உண்டு. ஒருவழியாக எழுந்தாலும் தலை பாறாங்கல்லாகக் கனக்கும், வாயில் சோறு இறங்காது, எதிரே நின்று பேசுகிறவர்கள் எங்கேயோ தூரத்தில் பேசுவதுபோல் இருக்கும். தையல் கடையில் சேர்த்துவிட்டார்கள். மிஷின் மேலேயே தலையைச் சாய்த்தாள். அச்சகத்தில் சேர்த்துவிட்டார்கள், அங்கேயும் அதே கதை. நடுவில் ஒரு தடவை சித்தி வீட்டுப் பிரசவத்துக்கு ஒத்தாசையாகப் போனவள், விடிவதற்கு முன்னால் எழுந்து, பெருக்கித் துடைத்து, துவைத்துக் காயப்போட்டு, வீட்டையே பம்பரமாகச் சுற்றி வந்தாள். சித்தி பார்க்கிறவர்களிடமெல்லாம் அவளைப் புகழ்ந்து தள்ளினாள். அந்தப் புகழ்ச்சிதான் வினையாகப் போயிற்று.

"அங்க போனா ஓடியாடி வேலை செய்யத் தெரியுது, இங்க வந்தா மட்டும் மகாராணிக்கு மயக்கம் வருதா?" என்றாள் அக்கா. "நடிப்புடி, அத்தனையும் நடிப்பு. அப்படியே அம்மா."

அப்படியே அம்மா என்பது அந்த வீட்டில் இருந்ததிலேயே பெரிய வசவு. அம்மாவும் தூங்கினவள்தான். அக்கா பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அடுப்படியைத் தலையிலும் தங்கையை இடுப்பிலும் சுமந்தாள். வேலை முடிந்து வரும் அப்பா, "இன்னுமா எழுந்திருக்கலை இவ?" என்று கத்துவார். ஒருநாள் காலை அம்மா எழுந்திருக்கவே இல்லை. டாக்டர் வந்து பார்த்து, இதயம் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அழவில்லை. "தூங்கியே போயிட்டா" என்றாள். அந்தக் கோபம் அவளுக்கு இன்றுவரை ஆறவில்லை. செத்தவளைத் திட்ட முடியாமல் இருக்கிறவளைத் திட்டினாள் என்று அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவள் முகத்துக்கு நேரே சொல்லத்தான் யாருக்கும் தைரியம் இல்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், மதிலுக்கு அந்தப் பக்கம் தூக்கத்துக்கு வேறு சட்டம். கரி கேஸில் மணமே இல்லாத ஒரு விஷம் உண்டு. முதலில் தலைவலியாக வரும், அப்புறம் தூக்கமாக வரும், அதற்கப்புறம் எழுந்திருக்கிற வேலையே இல்லை. அதனால் உலைப் பக்கம் ஒருவன் கண் சொருகி உட்கார்ந்தால் யாரும் திட்டமாட்டார்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்து வெளி முற்றத்துக்கு இழுத்து வந்து, மேலும் கீழும் நடத்துவார்கள். "உக்காராதே, நட, நட!" அவன் கெஞ்சுவான், கெட்ட வார்த்தையில் திட்டுவான், காலை மடக்கிக்கொண்டு தொங்குவான். விடமாட்டார்கள். இந்த நடையைத் தெருப் பிள்ளைகள் மதில்மேல் ஏறிப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தே வளர்ந்தார்கள். அக்காவும் அப்படித்தான் வளர்ந்தாள்.

அத்தானைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஊரில் அவருக்குப் பெயர் மூக்குக்காரர். தோளில் ஒரு கடப்பாரையோடு தெருத்தெருவாக நடப்பார். சந்தேகப்பட்ட இடத்தில் குத்தி ஓட்டை போட்டு, மண்டியிட்டு, ஓட்டையில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பார். புதைந்து கிடக்கும் குழாயில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். நாய்கள் அவரைப் பார்த்துக் குரைப்பது தொழில் போட்டியால்தான் என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். ஆனால் அவருடைய வேலை எப்போதும் தெருமுனைக்கு அப்பால்தான் ஆரம்பிக்கும். ஆலைத் தெருவில் மட்டும் அவர் ஒருநாளும் கடப்பாரையை இறக்கியதில்லை. ஊரெல்லாம் கேஸ் வாடை வந்தால் அது கசிவு. ஆலைத் தெருவில் வந்தால் அது ஆலை. அவருக்கு முன்னால் அந்த வேலை பார்த்தவர்களும் அப்படித்தான் நடந்தார்கள்.

பிறகு ஆலைக்கு முடிவு வந்தது. எங்கோ தொலைவில் பூமிக்குள்ளிருந்து எடுக்கிற புது கேஸ் வரப்போகிறது, கரி வேண்டாம், உலை வேண்டாம் என்றார்கள். உலைகளை அணைத்தார்கள். அண்டா இறங்கியது. அன்று ஊர் சமைத்து முடித்த பிறகு அது எழும்பவே இல்லை. பெண்கள் பழக்கதோஷத்தில் எட்டி எட்டிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வீடு அடுப்பை மாற்றி, குழாய்களைச் சோதித்து முடிக்கும்வரை ஊரே மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சமைத்தது.

அந்தச் சமயத்தில் சின்னவள் ஒரு பேக்கரியில் வேலை பார்த்தாள். பேக்கரிக்காரர் நல்ல மனுஷர், ஆனால் நல்ல மனுஷருக்கும் ரொட்டி கருகினால் கோபம் வரும். "இன்னொரு தடவை அடுப்புக்கு முன்னால தூங்கி விழுந்தேன்னா, வீட்லயே தூங்கிக்கம்மா" என்று சொல்லிவிட்டார். இதுவும் போனால் வேறு இடம் கிடைக்காது. ஊர் சின்னது, அவள் பெயரோ பெரிது.

உலை அணைந்த சில நாட்களில், ஒரு காலை, யாரும் உலுக்காமல் சின்னவளுக்குக் கண் விழித்தது. படுத்தபடியே காத்திருந்தாள். தலை கனக்கவில்லை. சுவரில் வெயில் விழுந்திருந்தது. ஏதோ தப்பு நடந்துவிட்டதுபோல் பயந்தாள். எழுந்து போய் ஸ்டவ்வைப் பற்றவைத்து, அக்கா வருவதற்குள் டீ போட்டுவிட்டாள். அக்கா அடுப்படி வாசலில் நின்று மூக்கின்மேல் விரலை வைத்தாள்.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். பேக்கரியில் மாவு பிசைகிறவர்களை, சீக்கிரம் சீக்கிரம் என்று அவள் விரட்ட ஆரம்பித்தாள். பேக்கரிக்காரர் அசந்துபோய், "காலைக் கடையை நீயே பார்த்துக்கோ" என்று சாவியைக் கையில் கொடுத்தார். வீட்டில் அக்கா, "நடிச்சு நடிச்சு அலுத்துப்போச்சு போல" என்றாள். சின்னவளுக்கு அது உறைக்கக்கூட இல்லை. தான் சோம்பேறி இல்லை என்று தெரிந்துகொண்டதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்படியில் தனியாக நின்று அழுதாள், தனியாகச் சிரித்தாள்.

அப்புறம்தான் யோசித்தாள். சித்தி வீட்டில் தூக்கம் இல்லை. கேஸ் நின்ற பிறகு இங்கேயும் இல்லை. அவள் படுப்பது பின்னறையில், ஆலை மதிலோரம். அப்பா கட்டிய அறை. உடைந்த உலைச் செங்கற்களை ஆலையில் சும்மா கொடுப்பார்கள். அதைச் சுமந்து வந்து, லீவு நாளெல்லாம் வேலை செய்து, அம்மா அக்கடா என்று படுக்கத் தனி அறை வேண்டும் என்று ஆசை ஆசையாகக் கட்டியது. கடைக்கால் தோண்டும்போது தெருக் குழாயிலிருந்து பிரிந்து வந்த, தெருவிளக்குக் காலத்துப் பழைய இரும்புக் குழாய் ஒன்று குறுக்கே கிடந்ததாம். "கிடக்கட்டும், தரைக்குப் பலம்" என்று அதன் மேலேயே செங்கல் பாவிவிட்டாராம். இதை அப்பா பெருமையாகச் சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தெரியும்.

அத்தானிடம் சொன்னாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இந்த வீட்ல கசிவு இருந்தா எனக்குத் தெரியாதாம்மா? என் மூக்கு என்ன அடகுக் கடையிலயா இருக்கு?"

"திங்கக்கிழமை புது கேஸ் வருதுல்ல அத்தான். அதே குழாய்லதானே வரும்? வந்துச்சுன்னா செவ்வாய்க்கிழமை நான் மறுபடி எழுந்திருக்க மாட்டேன். கடைச் சாவி என்கிட்ட இருக்கு."

"புது கேஸ்ல அந்த விஷமெல்லாம் கிடையாது."

"அப்ப பழைய கேஸ்ல இருந்துச்சுல்ல?"

அத்தான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அக்கா ஸ்டவ்வைத் துடைத்தபடி, "வேலைக்குப் போகாம இருக்க இப்பவே சாக்கு தேடிட்டியா?" என்றாள்.

சனிக்கிழமை ஆலைத் தெருவில் சோதனை. குழாய்க்குள் கேஸுக்குப் பதில் காற்றை ஏற்றி, அழுத்தம் நிற்கிறதா என்று மீட்டரில் பார்ப்பார்கள். தெருமுனையில் மீட்டர் முள் நிற்காமல் இறங்கிக்கொண்டே வந்தது. எங்கேயோ போகிறது. எங்கே என்று தெரியவில்லை. வெறும் காற்றை மோந்து பார்க்க மூக்குக்காரராலும் முடியாது. காற்றை ஏற்றியபடியே, தெருவின் அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு இணைப்பாகத் தோண்ட ஆரம்பித்தார்கள். இந்தக் கோடிக்கு வந்து சேர்வதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும்.

சின்னவள் அன்று மத்தியானமே பேக்கரியிலிருந்து வந்துவிட்டாள். கொல்லையில் அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் அடுப்பு இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதைச் சின்னவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். சோப்பு நுரை ததும்பும் வாளியை அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"அடியே, வாளியை எங்க கொண்டு போறே?" என்று அக்கா கத்தியபடி ஈரக் கையோடு பின்னால் ஓடி வந்தாள்.

சின்னவள் கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு, வாளித் தண்ணீரைச் செங்கல் தரையில் கவிழ்த்தாள். அக்கா திட்ட வாயைத் திறந்தாள். கட்டில் கிடந்த இடத்தில், செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே, பால் பொங்குவதுபோல் நுரை பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு குமிழி உடைய, பக்கத்தில் இரண்டு எழும்பின. யாரும் ஊதவில்லை, யாரும் கலக்கவில்லை. தரை தானாக மூச்சு விட்டது.

"பாத்துக்கோக்கா" என்றாள் சின்னவள். எத்தனையோ வருஷமாகச் சொல்ல வேண்டியது அவளிடம் இருந்தது. வாளியை நிமிர்த்தி ஓரமாக வைத்தாள்.

அக்கா அவளைப் பார்க்கவில்லை. நுரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சுவரில் அம்மா காலத்து ஆணி இருந்த இடத்தைப் பார்த்தாள். கட்டிலின் தலைமாடு எந்தப் பக்கம் இருந்தது என்று கண்ணாலேயே அளந்தாள்.

"அம்மா கட்டிலும் இங்கதானே கிடந்துச்சு" என்றாள்.

சட்டென்று தங்கையின் கையைப் பிடித்தாள். எலும்பு வலிக்கும்படி பிடித்தாள். அடுப்படி வழியாக, துணிகளைத் தாண்டி, கொல்லை முற்றத்துக்கு இழுத்து வந்தாள். மதில்வரை நடத்தினாள், திருப்பினாள், வீட்டுச் சுவர்வரை நடத்தினாள், மறுபடி திருப்பினாள்.

"அக்கா, விடுக்கா. அது வெறும் காத்துதான். எனக்கு ஒண்ணும் இல்லைக்கா."

"நட."

"எனக்குத் தூக்கமே வரலைக்கா."

"உக்காராதே. நட, நடடி." அக்காவின் முகமெல்லாம் கண்ணீர். துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை. "உலுக்கி உலுக்கித் திட்டினேனே தவிர, ஒருநாள் கையைப் பிடிச்சு வெளியே கூட்டிட்டு வந்தேனா? மதில்மேல உக்காந்து தினம் பார்த்தவதானே நான். அவளையும் இப்படி நடக்க வெச்சிருக்கலாமே. பெத்தவளை நடக்க வெச்சிருக்கலாமே."

சத்தம் கேட்டு அத்தான் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஈரப் புடவையோடு தன் மனைவி தங்கையைப் பிடித்து இழுத்து நடத்துவதைப் பார்த்தார். அந்த நடை எதற்கு என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, சின்னவளின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார்.

சின்னவள் இரண்டு கைகளையும் அவர்களிடம் விட்டுவிட்டாள். அவர்கள் நடத்திய வழியே நடந்தாள்.