நான் தடுத்த சேதி

மதியம் ஒன்றரைக்கு தெல்ஃபீன் போன் செய்தாள். வடக்கே, விமானம் தவிர வேறு போக்குவரத்து இல்லாத ஊரின் மருத்துவ நிலையத்தில் அவள்தான் நர்ஸ். நான் ரெய்னோ. தெற்கே தண்டர் பே நகரத்தில் உட்கார்ந்தபடி அந்த ஊருக்கு நெட்வொர்க் பார்ப்பவன். பதினோரு வருஷமாகக் குரலில் மட்டுமே எங்களுக்குப் பழக்கம்.

“படம் போக மாட்டேங்குது, ரெய்னோ. எங்க ஊர்க்காரர் ஏமஸ் மேல மரம் சாஞ்சிடுச்சு. மூச்சு வாங்குது. வெறும் விலா எலும்பா, இல்ல நுரையீரல் சுருங்கிடுச்சான்னு எக்ஸ்ரேயைப் பாத்தாத்தான் டாக்டர் விமானம் அனுப்புவாராம்.”

“லைன் நல்லாத்தானே இருக்கு? பிங் பண்ணினேன், ஒண்ணு விடாம பதில் வருதே.”

“உன் பிங்கைக் கொண்டுபோய் ஒடப்புல போடு. ஒரு மணி நேரமா ரெண்டு சதவீதத்துலயே நிக்குது.”

அவள் திட்டியது நியாயம். பிங் என்பது ‘இருக்கிறாயா?’ என்று கேட்கும் சின்னத் துண்டு; எந்தச் சந்திலும் நுழைந்துவிடும். படத்தை அப்படி அனுப்ப முடியாது. துண்டு துண்டாக வெட்டி, எண் போட்டு அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ‘கிடைத்தது’ என்று பதில் வராவிட்டால் அதே துண்டு மறுபடி கிளம்பும். செயற்கைக்கோள் வழியோ குறுகல். துண்டு கொள்ளாவிட்டால் ‘சின்னதாக வெட்டு’ என்று வழியிலிருந்தே ஒரு சேதி திரும்பி வரும். அந்தச் சேதியைப் போன வாரம் நான்தான் அந்த ஊரின் போக்குவரத்தெல்லாம் கடந்துபோகும் ரவுட்டர் பெட்டியில் தடுத்திருந்தேன். வெளியாள் உளவு பார்க்க உதவும் என்று அந்த ரகச் சேதிகளை மொத்தமாக அடைப்பது எங்கள் தொழிலில் பலருக்குப் பழக்கம். அடைத்துவிட்டுப் பெருமையாகக் காபி வேறு குடித்தேன்.

விமானம் அனுப்ப வேண்டிய டாக்டர் கெஸ்லர் இன்னொரு போனில் காத்திருந்தார். “மூணு மணிக்குப் பனிப்புயல். இருக்கறது ஒரே விமானம். இன்னொரு ஊர்ல ஒரு பிரசவம் சிக்கலாயிருக்கு. ரெண்டரை வரைக்கும்தான் என்னால புடிச்சு வைக்க முடியும்.”

தூரத்து ரவுட்டரில் கை வைக்கும் முன், ‘பத்து நிமிஷத்தில் பழைய நிலைக்கே திரும்பு’ என்று அதற்கு உத்தரவு போட்டுவிட வேண்டும். நாம் வெளியே மாட்டிக்கொண்டாலும் அதுவே மீண்டு வரும். பத்து வினாடி வேலை. நான் போடவில்லை.

அந்த ஒரு தடையை மட்டும் நீக்கச் சொல்லித் தட்டினேன். அந்தப் பெட்டி ஒரு வரியை எடுக்கச் சொன்னால், எதை விடலாம் எதைத் தடுக்கலாம் என்ற பட்டியலையே அழித்துவிடும். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் இது தெரியும், எனக்கும் தெரியும். அடுத்து ‘அந்தச் சேதியை விடு’ என்று ஒரு வரி எழுதினேன். பட்டியலில் எழுதாதது எல்லாம் தடை என்பது அதன் சட்டம். எழுதியிருந்ததோ ஒரே வரி. திரை உறைந்தது. தெல்ஃபீனின் குரலும் பாதி வார்த்தையில் அறுந்தது. அவள் போனும் அந்தப் பெட்டி வழியாகத்தான் போகிறது.

பெட்டியின் மின்சார வயரைப் பிடுங்கி மறுபடி செருகினால் போதும்; நான் சேமிக்காமல் செய்த மாற்றத்தை மறந்து பழைய பட்டியலோடு எழும். ஒரு நாய் காலில் சிக்கி இழுத்தாலும் நடந்துவிடும். அதைச் சொல்ல வழியில்லை. அந்த ஊர்க் கடை, பள்ளி, போலீஸ் என்று வரிசையாகக் கூப்பிட்டேன். எல்லாமே அதே பெட்டியில் இருந்தன. ச்சே, என்ன பிழைப்பு இது!

இரண்டரைக்கு கெஸ்லர் கேட்டார். “படம்?”

“வரல.”

“நர்ஸ் என்ன சொல்றாங்க?”

“அவங்க லைனையும் நான் அறுத்துட்டேன், டாக்டர்.”

“அப்ப பிரசவத்துக்கு அனுப்பறேன். வேற வழி தெரியல.” அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது லைன் தானாக உயிர் பெற்றது. இந்த முறை முதலில் உத்தரவைப் போட்டேன். பட்டியலைச் சரியாக எழுதினேன். நாற்பது வினாடியில் படம் முழுதாக வந்து சேர்ந்தது.

கெஸ்லர் பார்த்தார். “ஒரு பக்கம் பாதிக்கு மேல சுருங்கியிருக்கு.”

“விமானத்தைத் திருப்ப முடியாதா?”

“பிரசவம் நடக்கற ஊர்ல எறங்கிடுச்சு. இனி காலையிலதான், அதுவும் புயல் விட்டா.”

உடனே தெல்ஃபீன் கூப்பிட்டாள். பின்னால் ஏமஸ் மூச்சுக்குத் திணறுவது தெளிவாகக் கேட்டது.

“கோவத்துல பொட்டியைப் புடுங்கி மாட்டினேன், சரியாயிடுச்சு பாரு! இதுக்கு உனக்கு ஒரு சம்பளம். படம் வந்துச்சா? விமானம் கெளம்பிடுச்சா?”

“வந்துடுச்சு,” என்றேன். இரண்டாவது கேள்வியை அவரிடமே கேட்கட்டும் என்று கெஸ்லரின் லைனை அவளுக்கு இணைத்தேன்.