ஜெபமாலைத் தோணி

1958 தை மாதம் பத்தாம் தேதி அச்சன்புதூர்க் குளத்தின் அடியில் ஒரு தூத்துக்குடித் தோணி கிடந்தது. ஒன்பதாம் தேதி அது அங்கே இல்லை. கடல் அறுபது மைலுக்கு அப்பால். குளத்துத் தண்ணீர் கரித்தது, நெற்பயிர் கருகியது, பாவூர்சத்திரத்தில் கத்தரிக்காய் விலையில் மாற்றமில்லை. சென்னையிலிருந்து வந்த தொல்பொருள் அதிகாரி முங்கிப் பார்த்தார். சேறு மூடிக் கிடப்பதால் புழு அண்டவில்லை, வெளியே எடுத்தால் காய்ந்து சிதறிவிடும், மணல்மூட்டை போட்டு அப்படியே மூடிவைக்க வேண்டும் என்றார். ஆனால் எந்தத் தோணி என்று தெரிந்தால்தான் அதற்கு உத்தரவு கிடைக்கும். ஆணிகளை அளந்தார், மரத்தின் வளையங்களை எண்ணினார். அடிமரத்தில் மூன்று புள்ளி வைத்த சுத்தியல் முத்திரை இருந்தது. யாருடையதென்று தெரியவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

“பேரு தெரியலன்னா வெள்ளிக்கிழம மடையத் தொறந்துருவோம். வெறகாவது தேறும்லா,” என்றார் ஊர்ப்பெரியவர் பேச்சிமுத்து.

மூன்று புள்ளி செங்கோட்டை மரக்கடை இசக்கியப்பனுடையது. தேக்கை மோந்தே உள்ளே சொத்தையா இல்லையா என்று சொல்லுகிறவர். அந்த மூக்கின் பெருமையைப் பேச அடுத்தவருக்கு அவர் இடம் கொடுத்ததில்லை, தானே பேசிவிடுவார். 1930இல் அந்த அடிமரம் கடைக்கு வந்த அன்று அவருக்குச் சளி. மூக்கடைப்பு என்று சொல்ல வெட்கப்பட்டு, நல்ல மரம் என்று முத்திரை அடித்துவிட்டார். கொழும்புக்குப் புறப்பட்ட தோணி பதினோரு பேரோடு போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகு அவர் எதையும் மோந்ததில்லை, மல்லிகைப்பூவைக்கூட.

வெள்ளிக்கிழமை வேட்டியை இறுக்கிக்கொண்டு குளத்தில் முங்கினார். தண்ணீருக்கடியில் முத்திரைமேல் மூக்கை வைத்தார். உள்ளே சொத்தை. கரையேறி, கூடியிருந்த ஊர் முன்னால் ‘ஜெபமாலை’ என்று தோணியின் பெயரைச் சொன்னார். அடுத்துத் தன் பெயரையும், சளியையும் சொன்னார்.

ஜெபமாலையில் சமையல்காரனாகப் போனவனின் மனைவி சுகிர்தம், தோணி என்று கேள்விப்பட்ட நாள்முதல் காய்கறிக் கூடையோடு அந்தக் கரையில்தான் இருந்தாள்.

“இருவத்தேழு வருசமா கடல ஏசிட்டுக் கெடந்தேன் அண்ணாச்சி,” என்றாள். “இனி ஒம்ம மொதல்லேருந்து ஏச எனக்குத் தெம்பில்ல. மணல் மூட்டையத் தூக்கும்.”

முந்நூறு மூட்டை போட்டு மூடினார்கள். முதல் வண்டி மணல் பேச்சிமுத்து அனுப்பியது. வயலுக்கு ஆற்றிலிருந்து தனி வாய்க்கால் வெட்டிக்கொண்டார்கள். 1966இல் சாகும்வரை, குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் இசக்கியப்பன் வந்து முங்குவார், மோந்துவிட்டு எழுந்து வருவார்.

“அப்படியேதான் இருக்கு, தாயி.”

“சரி,” என்று சுகிர்தம் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போவாள்.

அச்சன்புதூரில் குழம்புக்கு உப்புப் போடுவதில்லை.